எண்பதில் நிறுத்திய சார்ஜ்

கெட்டிலின் அடியில் படிந்த உப்பை எடுக்க என் மனைவி இன்று காலை வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். திருவான்மியூர் போர் தண்ணீரைப் பற்றி உனக்குத் தெரியாதா? அந்தப் புளித்த நெடி கூடம் வரை வந்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை. பால்கனியில் போய் நின்றேன், அங்கேயும் வந்தது. நேற்று மாலை உன் வீட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. உன்னிடம் சொன்னால் கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

அந்த ஒற்றைச் சக்கரத்தை நீ வாங்கி வந்த அன்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உட்கார இருக்கை இல்லை, பிடிக்கக் கைப்பிடி இல்லை. நடுவில் ஒரு சக்கரம், இரண்டு பக்கமும் கால் வைக்க ஒரு தட்டு, உள்ளே பேட்டரியும் மோட்டாரும், அவ்வளவுதான். நாற்பது வயதில், பெருங்குடி ஆபீசுக்கு இனி இதில்தான் வருவேன் என்றாய். கடற்கரைப் பக்கம் மூன்று வாரம் விழுந்து எழுந்து, கடைசியில் நிமிர்ந்து நின்று ஓட்டினாய். சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இன்னொரு வீல எவனாவது உருவிக்கினு பூட்டானா?" என்று கேட்டார். "அதத்தாண்ணா தேடிக்கினு போறேன்" என்றாய். பின்னால் என் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த நான் சிரித்ததில் வண்டி அணைந்துபோனது.

சக்கரம் உன்னுடையது என்றாலும் அதன் வைத்தியன் நான்தான். ஆபீசில் நாம் இருவரும் மென்பொருளில் பிழை தேடிப் பிழைத்தவர்கள். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. பேட்டரியை எப்போதும் முழுக்க ஏற்றினால் அதன் ஆயுசு குறையும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து உனக்குப் பாடம் எடுத்தேன். "எண்பதோட நிறுத்துடா, பத்து வருஷம் வரும்." நீ மறந்துவிடுவாய் என்று தெரிந்து, நானே ஒரு டைமர் வாங்கி வந்து மாட்டினேன். கூடத்தில் இயேசுவின் இருதயப் படத்துக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ப்ளக்கில். மாலை ஏழு மணிக்குக் கரண்ட் விடும், எட்டரைக்கு நிறுத்தும். ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு, "கட்டுன பொண்டாட்டி நான், கவலப்படறது நீங்களாண்ணா?" என்றாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. "மச்சி, சார்ஜர்ல பச்ச லைட் எரியுது, வண்டில ஒரு சொட்டு ஏறல" என்று போன் செய்தாய். அந்தச் சார்ஜரில் பச்சை எரிந்தால் இரண்டு அர்த்தம். ஒன்று, முழுக்க ஏறிவிட்டது. இல்லையென்றால், எதனோடும் தொடர்பே இல்லை. ஏறிக்கொண்டிருந்தால் சிவப்பு எரிய வேண்டும். கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். சார்ஜரிலிருந்து கரண்ட் சரியாக வந்தது. வண்டியில் சார்ஜர் சொருகுகிற துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பித்தளை ஊசிகளெல்லாம் உப்புக்காற்றில் களிம்பு பிடித்துக் கிடந்தன. ஸ்டெல்லாவின் சமையலறை வினிகரையும் உன் பழைய பல்துலக்கியையும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தோம். துடைத்து, காயவைத்து, சொருகினோம். சிவப்பு எரிந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் இந்த ஊரில் நாம் இருவராகத்தான் இருப்போம்.

அப்போதுதான் நீ சொன்னாய். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்வாயே, அதே வாக்கியம். "ஒரு தப்பு கெடச்சா, அது தனியா வந்திருக்காது மச்சி. தொறந்து உள்ளயும் பாத்துடலாமா?" ஸ்க்ரூடிரைவர் உன் கையில் இருந்தது.

"முப்பத்திரண்டு ஸ்க்ரூடா. பசிக்குது. அதான் காரணம் கெடச்சிடுச்சே" என்றேன் நான்.

நீ ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாய். ஸ்டெல்லா மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து உன் குரல் ஒலிப்பதிவாக வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது. "ஏத்தத்துல தலைய தொங்கப் போடுது மச்சி. பாதி சார்ஜ் இருக்கறப்பவே." பின்னால் பஸ் ஹாரன். நான் மீட்டிங்கில் இருந்தேன். "இப்பதான சரி பண்ணோம், செட் ஆயிடும்" என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மற்ற வண்டிகளில் பேட்டரி கைவிட்டால் வண்டி நிற்கும். இதில் நிமிர்த்திப் பிடிப்பதே மோட்டார்தான், ஆள் விழுவான். அது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

அதற்கு இரண்டாம் நாள் பெருங்குடி சர்வீஸ் சாலையில் நீ விழுந்தாய். ஹெல்மெட் போட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். விழுந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, எல்லோரும் பள்ளம் என்றார்கள். நானும் சொன்னேன். உன் அடக்கப் பூசை முடிந்து வெளியே நின்றபோது வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் அந்தப் பள்ளத்தை விவரித்தேன், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று. சக்கரத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று ஸ்டெல்லா என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திக் கிடந்தது.

போன வாரம் அவள் போன் செய்தாள். "என் தம்பி அந்த வண்டிய கேக்கறான்ணா. ஓட்டலாமான்னு பாத்துச் சொல்லுங்க." மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பத்திரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். எண்ணிக்கொண்டேதான் கழற்றினேன். உள்ளே இருபது அடுக்கு பேட்டரி. ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தேன். பத்தொன்பது அடுக்கு ஒரே அளவைக் காட்டின. பதினான்காவதின் அளவு மட்டும் தரையில் கிடந்தது. அதில் ஒரு சின்ன பல்பை மாட்டிக் கொஞ்சம் பளு கொடுத்துப் பார்த்தேன், முள் படுத்துவிட்டது.

அந்த இருபதையும் சமப்படுத்தும் வேலை, சார்ஜ் முழுக்க ஏறும்போது கடைசியில்தான் நடக்கும். பந்தியில் கடைசி ஆளுக்குச் சோறு வருவதற்குள் இலையை எடுத்தது மாதிரி, தினமும் எட்டரைக்கு என் டைமர் அதை நிறுத்தியிருக்கிறது. பின்தங்கிய ஒன்று இன்னும் பின்தங்கி, ஏற்றத்தில் கேட்டபோது கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் சும்மா கிடந்ததிலும் இப்படி இறங்கியிருக்கலாம். அன்றைக்கே இறங்கியிருந்ததா என்று மீட்டர் சொல்லாது. உன் குரல் சொல்கிறது.

நேற்று மாலை உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். தம்பிக்குக் கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். "ஏன்ணா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். டைமர், ஸ்க்ரூ, ஒலிப்பதிவு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், இல்லை என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுகிட்ட பள்ளம்னுதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "அந்தப் பள்ளத்த மூடிட்டாங்க. அவளும் இப்பதான் ஒழுங்கா தூங்கறா. இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களோடயே இருக்கட்டும்ணா."

மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எழுந்தேன். வாசல் வரை வந்தவள், ஏதாவது சாதாரணமாகப் பேச வேண்டுமே என்றோ என்னவோ, "என் போனையும் கொஞ்சம் பாருங்களேன். ஒரு வருஷமா, சாயங்காலத்துலேர்ந்து போட்டு வச்சாலும் முழுசா ஏற மாட்டேங்குது" என்றாள்.

போன் அலமாரி மேல் இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் கையை விட்டேன். டைமர் அங்கேயேதான் இருந்தது, சூடாக. அதைப் பிடுங்கி எடுத்து, சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினேன். "இவ்ளோதானா?" என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் வாக்கியம் ஞாபகம் வந்தது. ஒயரை வளைத்துப் பார்த்தேன், சொருகுகிற துளையை ஊசியால் சுத்தம் செய்தேன், வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தேன். வேறு கோளாறு எதுவும் இல்லை. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எட்டரை தாண்டியது. உன் மகள் வந்து, "ஏன் மாமா போனையே பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஸ்டெல்லா அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

நூறு வந்த பிறகுதான் எழுந்தேன். டைமர் என் சட்டைப் பையில் இருந்தது.