நான்கு வருடத் துரு

அக்டோபர் 9, வியாழன்

அன்பு மகள் ஹில்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வலது முழங்கால் மட்டும் குளிர் வரப்போவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீ டூசானில் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே அக்டோபரிலும் வெயில் கொளுத்துகிறதாமே. இங்கே ஏரிப் பக்கத்துக் காற்று மாறிவிட்டது. நேற்றுக் காலை வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது.

நீ போன பிறகு நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. முந்தைய ஆறுக்கும் நீ பதில் போடவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவற்றில் மழையையும் கூரை ஒழுகியதையும் தவிர வேறு என்ன எழுதினேன்? எனக்கு வந்திருந்தால் நானும் பதில் போட்டிருக்க மாட்டேன். ஆனால் இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும். உன் பொருள் ஒன்றை நான் கெடுத்துவிட்டேன்.

உன் ரைஃபிள் துருப்பிடித்துவிட்டது, அம்மா. குழல் முழுக்க. கருநீலமாக மின்னிக்கொண்டிருந்ததே, அந்த மெருகு பாதிக்கு மேல் போய்விட்டது.

போன மாதம் நம் நீராவிக் குளியல் கொட்டகையில், அதான் சவுனாவின் முன்னறையில், பலகை மாற்றப் போனபோதுதான் துப்பாக்கி உறையைத் திறந்தேன். நான்கு வருடமாக அங்கே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் நான்கு வருடமாக அதற்கு முதுகைக் காட்டியபடியே உடுப்பைக் கழற்றி, கல்லில் தண்ணீர் ஊற்றி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். சனிக்கிழமை ஆனால் இப்போதும் மூன்று பேருக்கு ஆகிற அளவு விறகைத்தான் அடுப்பில் வைக்கிறேன். கை பழகிவிட்டது. நீராவி அடிக்கிற இடத்தில் எவனாவது துப்பாக்கியைத் தொங்கவிடுவானா என்று கேட்பாய். குளிரில் இருந்து வரும் துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவராதே, அதற்கு வியர்த்துவிடும் என்று உனக்குச் சொல்லித் தந்தவனே நான்தான்.

முதலில் வேலை தெரிந்த ஆளிடம் கொடுப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டெல்மர் என்று ஒருவர் புதிதாகப் பட்டறை வைத்திருக்கிறார். துப்பாக்கி வேலை மட்டும்தான் செய்கிறார். சுத்தமான கை. உறையைத் திறந்தவர் உதட்டைப் பிதுக்கினார். “என்ன ஆர்வோ சார், ஏரியில போட்டுட்டுத் தேடி எடுத்தீங்களா? எப்பிடி ஆச்சு இது?” என்று கேட்டார். வைத்தியர் நோயாளியைக் கேட்பது போன்ற கேள்விதான், தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. நான் உறையை மறுபடி மூட ஆரம்பித்தேன். அவர் பாட்டுக்கு, “வேட்டை சீசனுக்கு முன்னாடி எல்லாரும் கொண்டாந்து கொட்டிட்டாங்க, ஜனவரிக்கு முன்னாடி கைவைக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லாமலே உறையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். மரியாதையில்லாத கிழவன் என்று நினைத்திருப்பார்.

அதனால் வீட்டிலேயே ஆரம்பித்தேன். கடையில் விற்கும், கறுப்பேற்றும் புட்டி மருந்தைத் தடவினேன். திட்டுத் திட்டாக ஏறி, மறுநாள் துணியோடு வந்துவிட்டது. அப்புறம்தான் பழைய முறைக்கு வந்தேன். இருக்கிற துருவை உப்புத்தாளால் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, மருந்து தடவி, ஈரமான வெதுவெதுப்பில் தொங்கவிட்டு, நாமாகவே புதிதாகத் துரு ஏற்ற வேண்டும். செம்மண் பூத்ததுபோல் ஆனதும் கொதிநீரில் போட்டால் சிவப்பு கறுப்பாகிவிடும். மெல்லிய கம்பிநாரால் தேய்த்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து. ஏழெட்டு முறை செய்ய வேண்டும். ஈரமான வெதுவெதுப்புக்கு நான் எங்கே போவேன்? அதே சவுனாதான்.

குழலை வேகவைக்க நீளமான பாத்திரம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து வெர்னாவிடம் மேப்பிள் பாகு காய்ச்சும் தொட்டியைக் கேட்டேன். “உங்க வீட்டுல துப்பாக்கிக்கும் சனிக்கிழமைக் குளியலா, ஆர்வோ அண்ணே? எடுத்துட்டுப் போங்க. ஆனா வசந்தத்துல அதுல காய்ச்சுற முதல் பாகு உங்களுக்குத்தான். நீங்க குடிச்சு உசுரோட இருந்தாத்தான் நாங்க குடிப்போம்” என்றாள். உன்னை விசாரித்தாள். நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்ல?

அவள் வராத நாளில் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை நானே குழலைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சிவந்துக்கோடி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. சரி, சிரி.

இப்போது கறுப்பு நன்றாகவே ஏறியிருக்கிறது. ஒரே ஒரு தப்பு. மூன்றாவது முறை கையுறை போட மறந்து கட்டைவிரலை வைத்துவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் மருந்து பிடிக்காமல் நகமளவு வெளுப்பு நிற்கிறது. மேலே மேலே போட்டும் போகவில்லை.

இனி டெல்மரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். அது எப்படித் துருப்பிடித்தது என்றால், மான் வேட்டை தொடங்கிய அந்த நவம்பர் பதினைந்தில் நான் எடுத்துக்கொண்டு போனது உன் ரைஃபிளைத்தான். நீ ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் இருந்தாய். என்னுடையதைவிட இலேசு என்று எடுத்துக்கொண்டு வேட்டைக் குடிலுக்குப் போனேன். விடிந்ததில் இருந்து ஈரப்பனி. மத்தியானம் வெர்னாவின் தம்பி மேடேறி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த துப்பாக்கியைத் துடைக்காமல் உறையில் திணித்து, கைக்குக் கிடைத்த முதல் ஆணியில் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அதற்குப் பிறகு அந்த உறையை என்னால் தொட முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டது அப்படியே காதில் இருக்கிறது. “அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க மானைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.” அவள்தான் போகச் சொன்னாள் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை. “பதினஞ்சாம் தேதி வீட்ல குந்தியிருக்கிற ஆம்பளைய இந்த ஊர்ல யாரு பார்த்திருக்கா, போயிட்டு வாங்க” என்றுதான் எல்மா சொன்னாள். ஆனால் அவள் இரண்டாவது தடவை சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை, ஹில்யா. அவள் மூச்சு விடுகிற விதத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போ என்றதும் தப்பித்தால் போதும் என்று போனேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிறேன்.

துப்பாக்கி உன்னுடையது, அதனால் முடிவும் உன்னுடையது. டெல்மரிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, என் விரல் பட்ட தடம்கூட இல்லாமல் புதிதாக்கித் தருவார். ஆனால் ஜனவரி ஆகிவிடும். ‘கடைக்கு’ என்று எழுதினால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், இந்த முறை அவர் கேட்டால் பதிலும் சொல்கிறேன். இப்படியே போதும் என்றால், பதினைந்தாம் தேதிக்குத் தயாராக இருக்கும். ‘வீட்டிலேயே’ என்று எழுது. குடிலில் இரண்டாவது கட்டிலுக்கு விரிப்புப் போட்டுவைக்கிறேன். மான் சுட வேண்டும் என்றில்லை. குழலில் நான் செய்த வேலையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவதற்காவது வரலாம்.

நீ எங்கே இருந்தாலும் கவலையில்லாமல் தூங்கி எழ வேண்டும், பேச்சுத் துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டில் எந்த வார்த்தையானாலும் எனக்குச் சம்மதம். உன் கையெழுத்தில் வந்தால் போதும்.

உன் அப்பா,
ஆர்வோ