கில்ட் பின் கூரியரில் வராது

ஃப்ரீமான்ட்
செப்டம்பர் 14

அன்புள்ள கதிர் அண்ணாவுக்கு,

பிரீத்தி எழுதுகிறேன். அம்மா நலம். டேகேரில் சமையல் வேலை வழக்கம்போல் நடக்கிறது. முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு. என் நலத்தைக் கேட்காதே. நான்கு நாளாகக் கோபத்தில் இருக்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. அதற்குள் நீ "சரி குட்டி, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ கேட்ட கில்ட் பின் தயாராகிவிட்டது. "கல்யாணத்தன்னிக்குச் சாயங்காலம் ஐலா வீட்டு ஸ்காட்டிஷ் வழக்கப்படி நான் கில்ட் கட்டறேன். முன்னாடி குத்தறதுக்கு ஒரு பின் வேணும். நீதான் நகைக்கடையில இருக்கறயே, அம்மா தாலியில இருந்து ஏதாச்சும் எடுத்துப் பண்ணிக் குடு. அம்மா என்கூடவே நிக்கற மாதிரி இருக்கும்ல" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்துபோய், அப்பாவின் ஆஸ்பத்திரி காகிதங்களோடு வைத்திருந்த ஜிப்லாக் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

அந்தப் பையில் தாலிக்கொடி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. அப்பாவின் காரியத்துக்கு நீ வந்த ஃப்ளைட் தாமதம். அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தானே கழற்றினார். விசாலாக்ஷி சித்தி வெளியே நின்றுகொண்டு "ஆச்சுங்களா அக்கா? ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சித்திக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

கொடியில் ஓர் ஊக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில், கோபியில், உன் பள்ளி ஆண்டு விழாவில், மேடை ஏறுகிற நேரத்தில் உன் பேன்ட் ஜிப் போய்விட்டதாம். கூட்டத்துக்கு நடுவே அம்மா மண்டி போட்டு, கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றி உனக்குக் குத்திவிட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பார். அதனால் பின்னையும் ஊக்கு மாதிரியே செய்தேன். மூன்றரை அங்குல வெள்ளிக் கம்பி. அதில் தாலிக்கு இரண்டு பக்கமும் இருந்த தங்கக் குண்டுகளைக் கோத்திருக்கிறேன். குண்டுக்குள் அரக்கு இருக்கிறது, நெருப்புக் காட்டினால் கொதித்து வெடித்துவிடும். ஆகவே பற்றவைக்கவில்லை. கடை முதலாளி நாகமணி ஆன்ட்டி, மெஷினில் போட்டுக் கழுவி எடு, பளபளவென்று இருக்கும் என்றார். மாட்டேன் என்றேன். குண்டின் வரிகளில் அம்மா பூசிய மஞ்சள் இன்னும் இருக்கிறது. தாலியை நான் வெட்டவில்லை. அது அம்மாவிடமே இருக்கிறது.

இவ்வளவையும் சந்தோஷமாகத்தான் செய்தேன், அண்ணா. புதன்கிழமை நீ கல்யாண நிகழ்ச்சி நிரலை அனுப்புகிறவரை.

அதில் காலை ஒன்பது நாற்பதுக்கு, ஐலாவை அவள் அம்மா மணமேடைக்குக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். நம் பக்கம் மேடையில் சேனாபதி சித்தப்பாவும் விசாலாக்ஷி சித்தியும். பத்திரிகையிலும் அவர்கள் பெயர்தான். அம்மாவின் பெயரைத் தேடினேன். சாப்பாட்டு விவரத்துக்கும் பார்க்கிங் விவரத்துக்கும் நடுவில் இருந்தது. "சாரதா, இரண்டாவது வரிசை."

ஐலாவுக்கும் அப்பா இல்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது என்று நீதான் சொன்னாய். அவள் அம்மா மேடை ஏறலாம், நம் அம்மா ஏறக்கூடாதா என்று உனக்கு மெசேஜ் போட்டேன். "அவங்க வழக்கம் வேற குட்டி. சித்தி ரொம்ப ஃபீல் பண்றாங்க. ட்ரெடிஷன்னா நாம என்ன பண்றது? அம்மாவே ஓகே சொல்லிட்டாங்க" என்று பதில் போட்டாய். டெக்சாஸில், கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு நிற்கப் போகிறவன் நீ. அதற்கு வழிவிட்ட ட்ரெடிஷன் அம்மாவுக்கு மட்டும் விடாதா?

அம்மா ஓகே சொன்னது எப்படி என்று கேள். "நான் எங்க உக்காந்தா என்ன கண்ணு, கண்ணாலத்தைப் பாத்தாச் சேரி" என்றார். அன்று மாலையே, உன் கல்யாணத்துக்கு என்று மௌரி அவென்யூக் கடையில் வாங்கிய மாம்பழக் கலர் பட்டுப்புடவையைப் பில்லோடு பையில் வைத்துக் கதவருகே கொண்டுபோய் வைத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், அவ்வளவு எடுப்பான கலர் எதற்காம். இதுதான் நீ வாங்கிய ஓகே. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக நாற்பத்தாறு வயதில் கார் கற்றுக்கொண்டு ஃப்ரீவேயில் ஓட்டியவர், புடவைக் கலருக்குப் பயப்படுகிறார்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வியாழக்கிழமை பின் அளவு கேட்க ஐலா கூப்பிட்டாள். பேச்சுக்கு நடுவில் சொன்னாள், எங்க அம்மா தனியா மேடையில் நிக்க பயப்படறாங்க, உங்க அம்மாவும் பக்கத்துல நின்னா நல்லா இருக்கும், ஆனா அவங்களுக்குக் கூட்டம்னாலே கூச்சமாமே, மேடைக்கு வரமாட்டேன்னுட்டாங்கன்னு கதிர் சொன்னான், என்று.

அண்ணா, இந்த வீட்டில் கூச்சம் என்னுடையது. பதினாறு வயதில் அந்தக் கூச்சத்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது நான். அதற்கு ஊரெல்லாம் உன் தங்கையைப் பற்றி என்ன சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும், அதை விடு. என் கூச்சத்தை எடுத்து அம்மா மேல் போடாதே. சித்திக்கு நீ பயப்படுகிறாய் என்றால் பயப்படுகிறேன் என்று ஐலாவிடம் சொல்.

ஐலாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீ. கல்யாணத்துக்கு முன்னால் சொல்.

இனி கில்ட் பின் விஷயம். அது கூரியரில் வராது. அம்மாவின் பொருள் உன் இடுப்பில் இருக்கலாம், அம்மா உன் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றால், அந்தப் பொருள் உனக்குக் கிடையாது. அம்மா அதைத் தோளில், முந்தானையில் குத்திக்கொண்டு வருவார். மாம்பழக் கலர் புடவையைக் கதவருகிலிருந்து மறுபடி உள்ளே கொண்டுவந்துவிட்டேன், பில்லைக் கிழித்துப் போட்டேன். காலையில் நீ மேடையை விட்டு இறங்கி, இரண்டாவது வரிசைக்கு வந்து, சித்தி பார்க்கப் பார்க்க அம்மாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போ. அப்படிச் செய்தால் சாயங்காலம் அம்மாவே உனக்குக் குத்திவிடுவார். முன்பு மேடைக்குக் கீழே மண்டி போட்டுக் குத்தினார். இந்தத் தடவை மேடையில், நின்றுகொண்டு.

இல்லையென்றால் பின் இல்லாமல் கட்டிக்கொள். கில்ட் அவிழ்ந்துவிடாது, பயப்படாதே. அந்தப் பின் எதையும் பிடித்துக்கொள்வதில்லை, வெறும் கனத்துக்காகத்தான் என்று ஐலா சொன்னாள். மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டுமாம், அடி மடிப்பையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியுமாம். என் பழைய ஸ்கூல் ஸ்கர்ட்டை நாற்காலியில் கட்டிவைத்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். நேற்று நான் கடையிலிருந்து வரும்போது, தானாகவே அந்த ஸ்கர்ட்டில் குத்திக் குத்திப் பழகிக்கொண்டிருந்தார்.

ஐலாவை எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் உன்னை வாழ்த்துகிற வயது எனக்கு இல்லை, அண்ணா. வாழ்த்த வேண்டியவரை நீ இரண்டாவது வரிசையில் உட்கார வைத்திருக்கிறாய். இறங்கி வா.

உன் தங்கை,
பிரீத்தி