மூத்தவனுக்கு வைக்கிற பெயர்

1964 பெப்ரவரி 18, செவ்வாய்

காலையில் பனி. பிள்ளைத் துணி ஒன்றும் காயவில்லை. மகன் நன்றாகத் தூங்கினான், நான்தான் இல்லை.

ஞாயிறு ஞானஸ்நானம். பெயர் பற்றி என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது! இந்த வீட்டில் மூத்த மகனுக்கு ஒரே பெயர்தான். மாமாவுக்கும் அது, அவருடைய மூத்த மகனான இவருக்கும் அது. அமெரிக்காவில் ஒரு குடும்பம், இங்கிலாந்து அங்கே ஆண்ட காலத்திலிருந்தே தகப்பன், மகன், பேரன் என்று வைத்த பெயராம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் பாதிரியாராகத் தெல்லிப்பழைக்கு வந்தார். அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். கல்லறை வேதக் கோயிலுக்குப் பின்னால். அவரிடம் படித்த மாமாவின் பாட்டனார், பெயர் அதோடு முடியக் கூடாதென்று தன் பிள்ளைக்கு வைத்தாராம்.

கேட்டால் எனக்கும் அழுகை வரும். ஆனால் நான் வல்வெட்டித்துறைக்காரி, புருசன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. என் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவேன்?

பெப். 20, வியாழன்

வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய், தொட்டில் கயிறு.

இவரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறார். "நீர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுமன், ஆர் வேண்டாமெண்டது?"

"மாமிக்குக் கேட்டால்?"

"அம்மா என்னையே ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அப்பாவின்ரை பேரல்லோ. தம்பி, ராசா எண்டுதான்."

அடப் பாவமே. பெற்ற பிள்ளையை!

பின்னேரம் மாமி பிள்ளைக்கு எண்ணெய் பூசும்போது கேட்டேன். "பேரைச் சொல்ல ஆசையா இருக்கேல்லையோ மாமி?"

"ஆசைதான் பிள்ளை. வாய் வரேல்லை."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டிருக்க வேண்டாம். பாவமாக இருந்தது.

பெப். 22, சனி

கிணற்றடியில் துணி அலசும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. பிறகு தெளிவாக. வானம் இடிந்து விழவில்லை. பக்கத்து வளவு மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

பெப். 23, ஞாயிறு

நல்ல வெயில். புதுச் சேலை, சரியான புழுக்கம்.

"பிள்ளைக்கு என்ன பெயர்?" என்றார் போதகர். இவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"நத்தானியேல்."

கோயில் முழுக்கக் கேட்டிருக்கும். இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தார். கோபமோ?

பெப். 24, திங்கள்

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுதான். நான் கை கழுவிப் போவதற்குள் மாமி தொட்டிலடியில். ஒருவரும் இல்லை என்ற நினைப்பு. மெல்லக் குனிந்து,

"நத்தானியேல்... என்ரை நத்தானியேல்..."

முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மாமா, "ஓம், வாறன்," என்றார்.