ஹோபர்ட் குவில்லன் மிதித்த கால்

ஜூன் 6, செவ்வாய்

தக்காளிச் செடிகளுக்குக் கம்பு நட்டேன். இந்த வருஷம் ஒவ்வொரு செடியும் தேவாலயத்தை எட்டிப் பார்க்கிற உயரம். மேலே உள்ள பழத்தைப் பறிக்க ஹெலிகாப்டர்தான் வர வேண்டும். இதை அக்கா வெர்னாவிடம் சொன்னேன். பீன்ஸ் சட்டியை என் அடுப்பில் இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள்.

"முழங்கால் உயரம் இருக்கு," என்றாள்.

அவள் மகள் டார்லா பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் இயற்றி வைத்திருக்கிறாள்: ஆர்வில் மாமா எதைச் சொன்னாலும் பத்தால் வகுக்க வேண்டும். நான் பிடித்த மீன், என்னைத் துரத்திய கரடி, என்னைக் காதலித்த பெண்கள் – எல்லாம் வகுபட்டுப் போயின. பெரும்பாலும் சட்டம் சரிதான். நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுபடாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

மத்தியானம் வானொலியில் சொன்னார்கள்: அடுத்த வாரம் ஸ்டில்ஹவுஸ் மேட்டுத் திருவிழாவுக்குக் குவில்லன் சகோதரர்கள் வருகிறார்கள். அண்ணன் ஹோபர்ட் பாஞ்சோ வாசிப்பார். தம்பி எமரி மாண்டலின். இரண்டு பேருக்கும் எண்பதுக்கு மேல். ப்ளூகிராஸ் என்கிற எங்கள் மலைநாட்டு இசையில் பூமியில் இவர்களைவிடப் பெரிய வாத்தியக்காரர்கள் கிடையாது. வேறு கிரகங்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, ஹோபர்ட் வர்றார். என் காலை மிதிச்சவர்."

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் வெர்னா.

ஜூன் 8

மழை. நோவா இருந்திருந்தால் இரண்டாவது கப்பலுக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்.

ஜூன் 10, சனி

ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. டார்லா, "ஒரு காலைப் பத்தால வகுத்தா ஒரு சுண்டுவிரல்கூட முழுசா வராது மாமா," என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கூட்டாமல்.

1961. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் குவில்லன் சகோதரர்களின் கச்சேரி. எனக்குப் பத்தொன்பது வயது. பாதிக் கச்சேரியில் மின்சாரம் போயிற்று. மைக் செத்தது. யாரும் எழுந்து போகவில்லை. வேலை முடிந்து நேராக வந்திருந்த சுரங்கக்காரர்கள் தொப்பி விளக்குகளைப் பற்றவைத்தார்கள். அண்ணனும் தம்பியும் மேடையை விட்டு இறங்கி எங்கள் நடுவே வந்து நின்று வாசித்தார்கள். பாட்டு 'குளத்தில் விழுந்த கழுதை'.

ஒரே மைக்கில் வாசித்துப் பழகியவர்கள் மைக் இல்லாவிட்டாலும் அப்படித்தான் நகருவார்கள். ஒருவர் முறை முடிந்ததும் பின்னால் போவார், மற்றவர் முன்னால் வருவார். ஹோபர்ட் பின்னால் வந்தார். பின்னால் இருந்தது என் இடது கால். வைத்தார் குதிகாலை. வைத்தாரா, அந்தக் காலில்தான் அவர் தாளம் போடுவார். பாட்டு முடிகிற வரைக்கும் போட்டார்.

நான் காலை இழுத்திருக்கலாம். இழுத்தால் அவர் குதிகால் ஒரு விரற்கடை கீழே போய் விழும். தாளம் ஒரு மயிரிழை தாமதமாகும். என்னால் அந்தப் பாட்டு கெடுவதா? நின்றேன். பாட்டு முடிந்ததும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தோடு நகர்ந்துவிட்டார்.

இவ்வளவுதான். கரடி இல்லை, வெள்ளம் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அசையாமல் நின்றது. அதையும் வகுத்தால் எப்படி? வெர்னா ஒரு தரம் – ஒரே ஒரு தரம் – "சரிடா, நடந்திருக்கும்" என்று சொன்னால் போதும். வேறென்ன கேட்டேன் இவளிடம்?

ஜூன் 15, வியாழன்

ஸ்டில்ஹவுஸ் மேடு. விடிவதற்குள் போய் மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் மூன்று மடக்கு நாற்காலிகளைப் போட்டுவிட்டேன். போட்ட நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். வீட்டைப் பூட்டாமல் போனால் திருடு போகலாம், இங்கே நாற்காலி திருடு போனதாக வரலாறு இல்லை. ஆள் இல்லாதபோது யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உரியவர் வந்தால் எழுந்துவிட வேண்டும். நம் அரசியல் சட்டத்தை எழுதினவர்கள் முதலில் இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் வண்டிகள் நிற்கிற புல்வெளியெல்லாம் வாசிப்பு. ஒவ்வொரு கூடாரத்துக்கு முன்னாலும் ஒரு ஃபிடில், நாலு கிடார், தேவைக்கு மேல் பாஞ்சோ. எல்லாரும் குவில்லன்கள் மாதிரியே வாசிக்கப் பார்த்தார்கள். ஒரு ஆள் ஹோபர்ட் மாதிரி இடது தோளைத் தூக்கிக்கொண்டே வாசித்து, கழுத்து பிடித்துக்கொண்டு, மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கூடாரத்தில் இனாகாகி என்று ஒரு பல் டாக்டர். ஒசாகாவிலிருந்து குவில்லன்களைக் கேட்பதற்காகவே வந்திருக்கிறார். அவர்களுடைய பாட்டில் எது எந்த வருஷம் பதிவானது, அன்றைக்கு ஃபிடில் யார், எல்லாம் விரல்நுனியில். அவரிடம் என் கால் கதையைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, காலைப் பார்த்து, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டார். படமும் எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா அக்கா," என்றேன்.

"அவருக்கு நம்ம பேச்சு பாதிதான் புரியுது. அதான் நம்பறார்."

ஜூன் 16, வெள்ளி

அவமானம். சுருக்கமாக எழுதுகிறேன்.

மாலையில் குவில்லன்கள் தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, இசைத்தட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வரிசை ஆறு தாண்டி, மலை தாண்டி, மாநில எல்லை தாண்டி நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஒரு முரட்டு லாரி ஓட்டுநர் ஹோபர்ட் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா சாகும்போது உங்க பாட்டுதாங்க போட்டோம்," என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். ஹோபர்ட் எழுந்து அவனை அணைத்துக்கொண்டார். "அப்பா பேர் என்ன?" என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

அடுத்து நான். முழு உரை தயார் செய்து வைத்திருந்தேன். வரலாறு, விளக்கம், முடிவுரை எல்லாம் உண்டு. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், என் வாயைப் பூட்டி யாரோ சாவியை ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

"பேர் என்ன தம்பி?"

"கால்," என்றேன்.

இந்த வாய், பேசுகிற பேச்சுக்கு வரி போடலாம் என்று வட்டாரமே சொன்ன வாய்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எழுதிக் கொடுத்தார்: காலுக்கு, அன்புடன், ஹோபர்ட்.

டார்லா சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வெர்னா சிரிக்கவில்லை. "உண்மைன்னா அவர்கிட்டயே கேட்டிருப்பியே," என்று மட்டும் சொன்னாள். அது சிரிப்பைவிட மோசம்.

ஜூன் 17, சனி

எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேனா சொன்ன பேச்சு கேட்கவில்லை. கால் கேட்கவே வேண்டாம்.

பிற்பகல் அவர்கள் மேடை ஏறினார்கள். வெளுத்த தொப்பி, கருப்புக் கோட்டு, இந்த வெயிலில். ஏறும்போது எமரியைப் பிடித்து ஏற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒரே மைக். அதைச் சுற்றி நின்றார்கள். ஹோபர்ட் முதல் தட்டு தட்டினார் – கிழவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். அந்தப் பாஞ்சோவிலிருந்து வந்தது மலை ஓடை தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம். எமரி உச்சக் குரலை எடுத்தபோது வெர்னா, எதற்கும் கண் கலங்காத என் அக்கா, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் மேடே எழுந்தது. எங்கள் பின்னால் ஒரு அம்மாள் கைத்தடியை வானத்தில் எறிந்தாள். இனாகாகி ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து கும்பிட்டார், நடுவில் உட்கார நேரமே கிடைக்கவில்லை அவருக்கு.

பாட்டுக்கு நடுவே எமரி கதை சொல்வார். தந்தியைச் சுருதி சேர்த்துக்கொண்டே தொடங்கினார்.

"இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வாசிச்சோம். கரண்ட் போச்சு. இறங்கி ஜனங்க நடுவுல நின்னோம். எங்கண்ணன் யாரோ ஒருத்தர் கால்ல ஏறிட்டார். பாட்டு முழுக்கக் குதிச்சார். அந்த ஆள் மூச்சு விடல. அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சது. பாவம், அது மரக்கால்."

மேடு சிரித்தது. டார்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெர்னா திரும்பவில்லை. அவள் வாய் மட்டும் திறந்திருந்தது.

மரக்காலா? இத்தனை வருஷமா ஊர் ஊரா – எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம – மரக்காலா?

எழுந்துவிட்டேன்.

"உக்காருடா," என்று வெர்னா சட்டையைப் பிடித்தாள். "ஊர் முன்னால வேண்டாம்டா தம்பி."

எமரி பார்த்துவிட்டார். "ஐயா, கழிப்பறை அந்தப் பக்கம்."

"அது மரக்கால் இல்லைங்க," என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ. "என் கால்."

இன்னும் பெரிய சிரிப்பு. எமரி, "போன மாசம் டென்னஸியிலயும் ஒருத்தர் இதையே சொன்னார். அவருக்கு ரெண்டு காலுமே மரம்," என்றார். எனக்குக் காதெல்லாம் சூடு. உட்காரப் போனேன்.

அப்போது ஹோபர்ட் மைக்குக்கு வந்தார். அவர் மேடையில் பேசுவதே இல்லை. "எந்தக் கால்?" என்றார். நான் சொன்ன பதிலைப் பின்னாலிருந்து யாரோ அவர் காதில் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

"இடது கால். நீங்க மிதிச்சது வலது குதிகால்."

"இதை எவனும் ஊகிப்பான்."

"அந்தப் பூட்ஸ் அடியில ஒரு ஆணி தூக்கிட்டு இருந்துச்சுங்க. உள்பக்க ஓரத்துல."

ஹோபர்ட் குனிந்து தன் வலது பூட்ஸைப் பார்த்தார். கூட்டமும் அடங்கியது. பிறகு தம்பியிடம் சொன்னார், மைக்கிலேயே: "எமரி, அந்த ஆணியை மறுநாள் நான் பிடுங்கினேன். உங்கிட்டகூடச் சொல்லல. மரமா இருந்தா ஆணி அதுல மாட்டியிருக்கும், நான் இன்னும் அங்கயே நின்னுட்டிருப்பேன்."

"நாற்பது வருஷமா நல்லா ஓடின கதை," என்றார் எமரி வருத்தமாக.

"மேல வா தம்பி," என்றார் ஹோபர்ட்.

போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. பறந்தேன் என்று எழுதலாம், இன்றைக்கு அது தேவையில்லை. அவர் என்னை மைக்குக்குப் பின்னால் நிறுத்தினார். என் இடது பூட்ஸைப் பார்த்தார். "இந்தத் தடவை ஆணி இல்ல," என்று சொல்லிவிட்டு வலது குதிகாலை அதன் மேல் வைத்தார். 'குளத்தில் விழுந்த கழுதை'.

அந்தக் காலின் கட்டைவிரலில் எனக்குக் கீல்வாதம். பத்து நாளாக வீக்கம். போர்வை பட்டாலே உயிர் போகும். அதன் மேல் எண்பத்திரண்டு வயதின் தாளம். ஒவ்வொரு தட்டும் விரலில் இறங்கி, முழங்கால் வழியே ஏறி, நெஞ்சில் வந்து பாட்டாக மாறியது. ஹோபர்ட்டின் முதுகு என் மூக்குக்கு முன்னால். விரல்கள் தந்தியில் ஓடுவது அவர் தோள் வழியாகத் தெரிந்தது. எமரி முன்னால் வந்தார், போனார். நான் அசையவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது, அது எந்த ரகம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கீழே பார்த்தேன். வெர்னா நாற்காலி மேல் ஏறி நிற்கிறாள். எழுபது வயது மனுஷி. டார்லா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் என் பக்கம் கையை நீட்டி நீட்டி ஏதோ கத்துகிறாள் அக்கா. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

முடிந்ததும் ஹோபர்ட் திரும்பிப் பார்த்தார், இந்தத் தடவை. "வலிச்சுதா?"

"இல்லைங்க," என்றேன்.

இன்றைய பொய் இது ஒன்றுதான்.

ஜூன் 18, ஞாயிறு

கால் தர்பூசணி. நிஜமாகவே. டாக்டர் பார்த்துவிட்டு, "என்னய்யா பண்ணினே," என்றார். வெர்னா முந்திக்கொண்டு சொன்னாள், முழுக்க.

ஜூன் 21

இனாகாகி வீடு தேடி வந்து கும்பிட்டு விடைபெற்றார், காலுக்குத் தனியாக.

ஜூன் 29, வியாழன்

காலை, வெர்னா வீட்டுச் சமையலறை. சோளரொட்டி, பன்றிக்கொழுப்புக் குழம்பு. வானொலியில் ப்ளூகிராஸ் நிகழ்ச்சி. அறிவிப்பாளன், போன சனிக்கிழமை மேற்கு வர்ஜீனியாவில் குவில்லன்கள் வாசித்ததைச் சொன்னான். எமரி அங்கே வழக்கமான கதையைச் சொன்னாராம். மரக்கால் கதையை.

நான் சிரித்துவிட்டேன். நியாயம்தான். மரக்கால் நல்ல கதை. நானாக இருந்தால் இரண்டு காலையும் மரமாக்கியிருப்பேன்.

வெர்னா சிரிக்கவில்லை. கரண்டியை வைத்தாள். சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து வானொலி நிலையத்துக்குச் சுழற்றினாள்.

"விடு அக்கா. நல்லாத்தானே இருக்கு."

"நீ சும்மா இரு."

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று அவள் வாயிலிருந்து, இன்னொன்று கொஞ்சம் தாமதமாக, வானொலியிலிருந்து. பதினோரு மாவட்டத்துக்கும் கேட்கிற நிலையம்.

"மரக்கால்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. அது என் தம்பி கால். ஆர்வில் ஸ்டம்பர். நிஜக் கால், வாதக் கால். நான் என் கண்ணால பாத்தேன்."

அறிவிப்பாளன் ஏதோ கேலியாகக் கேட்டான். ஆர்வில் ஸ்டம்பரா, அந்தக் கரடிக்காரரா என்று.

"என் தம்பி பொய் சொல்லமாட்டான்," என்றாள் வெர்னா, இரண்டு இடத்திலிருந்தும்.

நான் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டேன். எதிரே டார்லா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.