பத்துச் செடிக்குச் சொன்ன பொய்

ஜூலை 8, செவ்வாய்
தலைச்சோலை எஸ்டேட்டில் சோதனை தொடங்கியாயிற்று. இருபது காப்பிச் செடி. பத்துக்கு என்.ஏ.டி கரைசல், பத்துக்கு வெறும் தண்ணீர். தெளிக்க ராணி வருகிறாள். காப்பி பறிக்கிறவள், என் வயதுதான். அவளுக்கு விளக்கினேன்: என்.ஏ.டி இலையின் செல்லுக்குள்ளேயே இருக்கிற பொருள். இலை காயப்பட்டால் வெளியே கசியும். பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து நோயை எதிர்க்கத் தயாராகும். நாம் காயமில்லாமலே அதைத் தெளித்து, துரு நோய் வருமுன் செடியை உஷார்ப்படுத்துகிறோம்.

ராணி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப செடிகிட்ட பொய் சொல்றமுங்களா மேடம்?"

சிரித்துவிட்டேன்.

ஜூலை 22
இன்றும் அதே கேள்வி. பொய் இல்லை, சமிக்ஞை என்றேன். அவள் முகம் தெளியவில்லை. மழை.

செப்டம்பர் 3
நம்பவே முடியவில்லை. தண்ணீர்ச் செடிகளில் இலைக்கு இலை துருவின் ஆரஞ்சுப் பொடி. கரைசல் செடிகளில் துருவைத் தேட வேண்டியிருக்கிறது. ஆறு வருட ஆராய்ச்சியில் முதல் நல்ல செய்தி. என் வழிகாட்டி ஸ்தனிஸ்லாஸ் சார் போனிலேயே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார்.

செப்டம்பர் 5
படம் எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கரைசல் செடி பத்திலும், இலைகளில் பிறை பிறையாக நகக்குறி. தண்ணீர்ச் செடியில் ஒன்றுகூட இல்லை.

ராணி மறைக்கவில்லை. தெளிக்குமுன் ஒவ்வொரு தடவையும் கிள்ளியிருக்கிறாள். "காயம்னு சொன்னா காயம் இருக்கோணுமில்லீங்க. மனசு நொம்ப உறுத்துச்சுங்க" என்றாள்.

போச்சு. எல்லாம் போச்சு. துருவை நிறுத்தினது கரைசலா, இவ நகமா? திட்டவும் வாய் வரல. கேட்டப்ப சிரிச்சது நான்தானே.

செப்டம்பர் 6
சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? — இவள் செடியிடமே பொய் சொல்லமாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 8
சாரிடம் சொல்லிவிட்டேன். "கிள்ளினது மட்டும், தெளிச்சது மட்டும், ரெண்டும், எதுவும் இல்லாதது. நாற்பது செடி. மறுபடி ஆரம்பிம்மா" என்றார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

செப்டம்பர் 29
மறுபடி முதல் தெளிப்பு. 'தெளிச்சது மட்டும்' வரிசையில் ராணி ஒவ்வொரு செடியிடமும் குனிந்து முணுமுணுத்தாள். மன்னிப்புக் கேட்கிறாளாம். தடுத்தால் வேறு ஏதாவது செய்வாள். நாற்பது செடியிடமும் ஒரே மாதிரி கேட்கச் சொல்லிவிட்டு, அதையும் செய்முறையில் எழுதிக்கொண்டேன்.