ஒன்றாம் நாற்காலி

ஓமாஹா, நெப்ராஸ்கா
11 ஜனவரி 1998

அன்புள்ள டார்லீன்,

ஏழு வருஷம் கழித்து இவனுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். இங்கே முழங்கால் அளவு பனி. தினமும் நாலு வீட்டு நிலவறையில் படுத்துக் கிடந்து சூடேற்றி அடுப்புகளைத் தட்டிச் சரிசெய்கிறேன். அந்த இரைச்சலில் என் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. ஜாய்ஸ் இடது பக்கம் படுத்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். எனக்கு நல்ல தூக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இரண்டாம் வாரம் லாஸ் வேகஸ் வருகிறேன், தனியாக. ஜாய்ஸ் தங்கை வீட்டுக்குப் போகிறாள். ஒரு வாரம் முழுக்க போக்கர், வேறு எதுவும் கிடையாது. எந்த அறையில் உட்காருவது என்றுதான் தெரியவில்லை. பயணப் புத்தகங்களில் பஃபே பற்றி எட்டுப் பக்கம் இருக்கிறது, போக்கர் அறை பற்றி ஒரு வரி இல்லை. இருபது வருஷமாக அந்த ஊரில் சீட்டுப் போடுகிறவள் நீ. உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

உன் தம்பியின் பித்தளை வில்லை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அதைச் சீட்டின் மேல் வைத்துவிட்டால் இங்கே ஒருத்தனும் என்னை அசைக்க முடியாது.

கோபம் எல்லாம் ஆறியிருக்கும் என்று நம்பும்,
வெண்டல்


லாஸ் வேகஸ்
20 ஜனவரி 1998

அன்புள்ள வெண்டல்,

கடிதம் வந்தது. சிரித்தேன். காது போனதில் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, இருந்தபோதும் நீ யார் சொல்லையும் கேட்டதில்லை.

அறைகளைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய தெருவில் 'சில்வர் ஸ்பர்' இருக்கிறது. புது நாற்காலி, மெத்தென்று இருக்கும். முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், பக்கத்துச் சூதாட்ட இயந்திரங்களின் மணியோசையில் உன் பெயரைக் கூப்பிடுவது உனக்குக் கேட்காது. அது வேண்டாம். ஃப்ரீமான்ட் தெருவில் 'கோல்டன் மியூல்' இருக்கிறது. பழைய மேசை, புகை, மத்தியானம் இலவசமாக ஆப்பிள் பை. ஓய்வு பெற்ற கிழவர்கள் பொழுதுபோக்க வருகிறார்கள். உன் ஆட்டத்துக்கு அதுதான் சரி. கடைசியாக எங்கள் 'டெசர்ட் லான்டர்ன்'. ஆறே மேசை. ஊர் ஓரம் என்றாலும் மரியாதையான இடம். பகல் மேலாளர் யார் தெரியுமா? ஹால் பர்டிக். அந்தக் காலத்தில் நீ விழுந்து கிடந்தாயே 'மெஸ்கிட் பேலஸ்', அங்கே போக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவர். போன இலையுதிர் காலத்தில் எங்களிடம் சேர்ந்தார். நல்ல மனிதர், நிறையப் பேசுவார்.

ஒன்று கேட்கிறேன். அந்த வில்லையை எனக்குத் திருப்பிக் கொடு. டேல் சுரங்கத்தில் இறங்கும்போது பலகையிலிருந்து தன் எண் 118 பொறித்த அந்த வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் படுத்தபோது அதை உன்னிடம் ஆட்டத்துக்கு இரவல்தான் கொடுத்தான். அவன் போன அன்று நீ மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடி வந்து, "இப்பத்தான், ஆறு மணிக்குத்தான் ஃபோன் வந்துச்சு டார்லீன்" என்றாய். அந்தக் கலவரத்தில் நான் வில்லையைக் கேட்க மறந்துவிட்டேன். பிறகு வழக்கு, விவாகரத்து, நீ போயே போய்விட்டாய்.

அவனுக்கென்று என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

உன் பழைய,
டார்லீன்


ஓமாஹா
3 பிப்ரவரி 1998

அன்புள்ள டார்லீன்,

கோல்டன் மியூல் என்று குறித்துக்கொண்டேன். கிழவர்களும் பையும்! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருக்கிறது.

ஹால் பர்டிக் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? என்னை ஞாபகம் இருக்கிறதாமா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்டேன். அந்த ஆள் எதையும் இரட்டிப்பாக்கிச் சொல்கிறவர், நம்பாதே.

வில்லை விஷயத்தில் மட்டும் என்னை வற்புறுத்தாதே. அது ராசியான பொருள். அன்றைக்கு நூற்று நாற்பது பேர் விளையாடிய போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன், அதுவும் அந்த வில்லையை வைத்துக்கொண்டுதான். டேல் நினைவில்லாமல்தான் கிடந்தான், டார்லீன். நீ முன்னால் போயிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. எத்தனை வருஷம் இதையே மனதில் போட்டு அரைப்பாய்? இறந்தவர்களுக்குப் பித்தளை எதற்கு?

கொண்டு வருகிறேன். பார்த்துக்கொள். அதற்கு மேல் கேட்காதே.

வெண்டல்


லாஸ் வேகஸ்
14 பிப்ரவரி 1998

அன்புள்ள வெண்டல்,

சரி, பார்த்தால் போதும். உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்கிறேன். ஹால் உன்னை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். "நல்ல பொறுமைசாலி, மேசைய விட்டு எந்திரிக்கவே மாட்டான்" என்றார்.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை எங்கள் அறைக்கு வா. பகல் பன்னிரண்டுக்கு ஆட்டம் சூடு பிடிக்கும். நாங்கள் அரை மணிக்கு ஒரு மேசை மாறுவோம், நான் பன்னிரண்டரைக்கு மூன்றாம் மேசைக்கு வருவேன். பெயர் கொடுக்கும்போது ஒன்றாம் நாற்காலி வேண்டும் என்று கேள். சீட்டுப் போடுகிற டீலருக்கு இடது பக்கத்து நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் டீலர் உன் வலது பக்கம், உன் நல்ல காதுப் பக்கம் இருப்பாள். யார் எவ்வளவு கட்டுகிறார் என்பது ஒன்று விடாமல் கேட்கும். நம் உறவை அங்கே காட்டிக்கொள்ளாதே, வீட்டு ஆட்களுக்குச் சீட்டுப் போடக் கூடாது என்று விதி. விவாகரத்தானவர் வீட்டு ஆளா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

ஒன்றாம் நாற்காலியில் ஒரு சங்கடம் உண்டு, உனக்குத் தெரிந்ததுதான். உன் சீட்டு டீலரின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு முதல் பாடம் நான்தான் சொன்னேன்: "சீட்டு மேல எதையாவது வை வெண்டல். வைக்காத சீட்டு உன் சீட்டு இல்ல. டீலர் வாரிட்டா செத்த சீட்டுதான், சாமியே வந்தாலும் எடுத்துத் தர முடியாது." இதைச் சொல்லவில்லை என்று பிறகு குறை சொல்லக் கூடாது.

டார்லீன்


ஃப்ரீமான்ட் தெரு விடுதி
11 மார்ச் 1998

டார்லீன்,

இதை உங்கள் கேசினோ வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பொழுதுபோக்க வருகிற கிழவர்கள் என்றாயே, நீ உருப்படுவாயா? நான்கு நாளாக கோல்டன் மியூலில் என்னைத் தோல் உரிக்கிறார்கள். ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், நான் நல்ல சீட்டு வந்ததென்று கட்டினால் எல்லோரும் கவிழ்த்துவிட்டுப் பை தின்பார்கள். நான் கவிழ்க்காமல் மல்லுக்கு நின்றால் அவர்களிடம் அதைவிட நல்ல சீட்டு இருக்கும். எண்பது வயசுக்காரர் ஒருவர் என் முதுகைத் தட்டி, "அடிக்கடி வாங்க தம்பி" என்கிறார். டீலர்களும் சரியில்லை. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று நீ சொல்வாய், தெரியும்.

நாளைக்கு உன் இடத்துக்கு வருகிறேன். ஒன்றாம் நாற்காலி. நாளைக்கு எதுவும் விசேஷமா? வியாழன் வியாழன் என்று ஏன் அப்படிச் சொன்னாய்?

வெண்டல்


ஓமாஹா
16 மார்ச் 1998

டார்லீன்,

நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

என் கையில் இரண்டு ஒன்பது. எல்லோருக்கும் பொதுவாக நீ மேசை நடுவில் முதலில் விரித்த மூன்றில் இன்னும் இரண்டு ஒன்பது, கூடவே ஒரு ராஜா. நான்கு ஒன்பது! முப்பது வருஷ ஆட்டத்தில் எனக்கு வராத சீட்டு. எதிரே உட்கார்ந்திருந்த ஐரா ஸெல் என்ற கிழவர் கையில் ஒரு ஜோடி ராஜாவை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். நானும் தள்ளினேன். ஓமாஹாவிலிருந்து கொண்டு வந்ததில் மிச்சம் இருந்தது, மியூல் கிழவர்களிடம் தப்பியது, எல்லாம் அங்கே. நான்காவது சீட்டு விழுந்தது, ஒன்றும் இல்லை. இனி ஒரே சீட்டு பாக்கி. மிச்சமிருந்த ஒரே ராஜா வந்து விழுந்தாலொழிய அவர் ஜெயிக்க வழியே கிடையாது.

அந்தச் சந்தோஷத்தில்தான், பெரிய மனசு பண்ணி, நீ கேட்டாயே என்று வில்லையை எடுத்து உன் பக்கம் சுண்டினேன். நீ என்ன செய்தாய்? டிப் கொடுத்தால் டீலர் செய்கிற மாதிரி அதைச் சில்லுத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, "ரொம்ப நன்றி சார்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். அதே கை திரும்பி வந்து என் இரண்டு ஒன்பதையும் வாரிச் செத்த சீட்டுக் குவியலில் கலந்துவிட்டது.

நான் கத்தினேன். ஹால் பர்டிக் அந்த மூலையிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷம் நான் செத்துப் பிழைத்தேன். அவர் என்ன கேட்டார்? "அவர் சீட்டு மேல ஏதாச்சும் இருந்துச்சா?" நீ என் முகத்தையே பார்க்காமல், "இல்லீங்க" என்றாய். "அப்போ செத்த சீட்டு" என்றார். அவ்வளவுதான்.

கேசினோ நிர்வாகத்துக்குப் புகார் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். கை தவறிவிட்டது என்று ஒரு வரி எழுது, மன்னிப்புக் கேள், வில்லையையும் அனுப்பு. கிழித்துப் போடுகிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் அதையாவது சொல். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெண்டல்


லாஸ் வேகஸ்
23 மார்ச் 1998

வெண்டல்,

கை தவறவில்லை. இருபது வருஷத்தில் என் கை தவறியதே இல்லை.

அன்று மார்ச் பன்னிரண்டு. டேல் போன நாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில் நான் சாலைக்கு அந்தப் பக்கம் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், நீ இந்தப் பக்கம் மெஸ்கிட் பேலஸில் போட்டியில் இருந்தாய். மேசையில் இருக்கும் டீலருக்குத் தொலைபேசி கொடுக்க மாட்டார்கள் என்பதால் ஆஸ்பத்திரியில் உன் பெயரைக் கொடுத்திருந்தேன். உன்னிடமிருந்து என் மேசைக்கு ஆறு நிமிஷ நடை.

போன அக்டோபரில், ஓய்வு அறையில் காப்பி குடிக்கும்போது ஹால் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "உங்க தம்பி பிழைச்சாராம்மா? அன்னிக்கு ரெண்டு பத்துக்கு நான்தானே வெண்டல் கையில துண்டுச் சீட்டக் குடுத்தேன். 'நினைவு வந்திருக்கு, அக்காவைக் கேக்கிறான், உடனே வரச் சொல்லுங்க'ன்னு நர்ஸ் சொன்னதை நானே எழுதினேன். அவன் படிச்சுட்டு மடிச்சு பந்தயச் சில்லுக்கு அடியில வச்சுக்கிட்டான். யாரையாவது அனுப்பட்டுமான்னு கேட்டேன். நான் பாத்துக்கிறேன்னான்." நான் பிழைக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு காப்பியைத் தொடவில்லை.

இரண்டு பத்துக்கு வந்தது. நீ தோற்று எழுந்தது ஆறு மணிக்கு. டேல் ஐந்து நாற்பதுக்குப் போனான். அவன் கேட்டது என்னை. நினைவோடு இருந்தான். நாலு மணி நேரம் நீ அவன் வில்லையைச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு விளையாடினாய். நான்கு நிமிஷம் ஹாலுக்காகக் காத்திருந்ததற்கே செத்துப் பிழைத்தேன் என்று எழுதுகிறாய்.

ஆமாம், உன்னை மியூலுக்கு அனுப்பியது நான்தான். அந்தக் கிழவர்களிடம் டீலர்களாகிய நாங்களே உட்கார மாட்டோம். ஒன்றாம் நாற்காலியில் உட்கார வைத்ததும் நான்தான். ஆனால் நான் எழுதியது எதுவும் பொய்யில்லை, அந்தப் பாடத்தைக்கூட மறுபடி சொன்னேன். வாரலாமா வேண்டாமா என்று கடைசி வரை எனக்கே தெரியாது. பேசாமல் வில்லையைக் கொடுத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். நீ சுண்டும்போது என்ன சொன்னாய் என்று உன் கடிதத்தில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "இந்தா வச்சுக்க. உன் தம்பி செத்தும் எனக்குச் சம்பாதிச்சுக் குடுக்கறான்" என்று சொல்லிச் சிரித்தாய். என் கை அப்போதுதான் உன் சீட்டின் மேல் போனது. அதற்காக நான் ஒரு நிமிஷம்கூட வருத்தப்படவில்லை.

ஹாலுக்கு என் திட்டம் எதுவும் தெரியாது. அவர் கேட்டது எல்லா மேசையிலும் கேட்கிற கேள்வி. பாவம் அந்த ஐரா, பயந்துபோய் மேசைக்கே சூப் வாங்கிக் கொடுத்தார்.

புகாரைக் கிழிக்காதே, அனுப்பு. வேண்டுமென்றே செய்தேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, இதைவிட வேறு சாட்சி உனக்கு வேண்டாம். வேலை போனால் போகட்டும். ஆனால் கடிதத்தை முழுதாக இணைக்க வேண்டும். நடுப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பினால், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று ஹால் சொல்வார். ஜாய்ஸுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று நினைத்தேன். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் படுத்து, சொல்லி அனுப்ப வேண்டிய ஆள் என்று உன் பெயரைக் கொடுக்கிற நாள் வந்தால் அன்றைக்கு உனக்கே என் நினைப்பு வரும், அது போதும்.

வில்லை வராது. டீலர் தட்டில் இரண்டு தட்டு தட்டிப் பையில் போட்டுவிட்டால் அது கொடுத்தது கொடுத்ததுதான்.

நேற்றுச் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து 118-ஐ மாட்டினேன். என் தம்பி மேலே வந்துவிட்டான். இனி எனக்கு எழுதாதே.

டேலின் அக்கா,
டார்லீன்