தட்டாமல் திறந்த பின்கதவு

அண்ணை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று வெள்ளவத்தையில் ஒரு கடை வாசலில் நின்ற லொறியின் பலகையில் யாரோ மூன்று முறை தட்ட, நான் மீன்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் குந்திவிட்டேன். சாறம் ஒரு பக்கம், மரக்கறிப் பை ஒரு பக்கம். "மாத்தையா, மொகத உனே?" என்று, என்ன நடந்ததென்று சிங்களத்தில் விசாரித்தார் மீன்காரர். காலில் ஏதோ குத்தியதுபோல நொண்டிக் காட்டிவிட்டு எழுந்தேன். உங்கள் நினைவு வந்தது. அன்பால் அல்ல.

உங்கள் செத்தவீட்டில் உங்களைத் தங்கமான மனிதர் என்றார்கள். ஒருகொடவத்தைச் சரக்கு ஸ்ரோரில் உங்களுக்குக் கீழே ஒன்பது வருடம் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவன் நான். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்திருக்கிறேன்.

போர்க்காலம். ஒழுங்கை முனையில் ஆமிச் சென்றி. லொறி வரும் வழிநெடுகச் சோதனையில் மூட்டைகளைக் கிளறியிருப்பார்கள். சரக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று கடவுளுக்கும் தெரியாது. அதனால் மூட்டை இறக்கும் நாட்டாமை செல்லையா பலகையில் மூன்று தட்டுத் தட்டுவார். கீழே நிற்பவர்கள் எல்லோரும் "சரி" சொன்ன பிறகே பின்கதவின் கொளுக்கி கழலும்.

அதைத்தான் தடுத்தீர்கள்.

"இனித் தட்டுறேல்லை. வெடிச்சத்தமெண்டு சென்றிக்காரன் வந்தா ஆர் பதில் சொல்லுறது, நீயோ?"

"தட்டாம எப்புடிங்கய்யா? உள்ளுக்க என்னா சாஞ்சி கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"கண் இருக்கெல்லோ. பாத்துத் திற."

நான்காம் நாள், சில்லுக்குக் கட்டை வைக்கக் குனிந்தார் செல்லையா. மறுபக்கம் நின்றவர் அது தெரியாமல் கொளுக்கியைக் கழற்றினார். பருப்பு மூட்டைகள் கதவோடு இறங்கின. வலது பாதம். அவர் கத்தவில்லை, அதற்கும் தடை என்று நினைத்தாரோ என்னவோ.

நீங்கள் வந்து முதலில் பார்த்தது கிழிந்த மூட்டையை. "கவனக்குறைவு எண்டு எழுதும், தம்பி." எழுதினேன். என் எழுத்து முத்துமுத்தாக இருப்பதாக அன்றைக்கும் பாராட்டினீர்கள்.

பிறகு செல்லையா வாசலில் இருந்து சாக்குத் தைத்தார். ஆறு மாதத்தில் அதற்கும் ஆள் வேண்டாமென்றீர்கள். ஊருக்குத் திரும்பியவரை ஹற்றன் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனவன் நான் ஒருவன்தான். படியில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "தட்டக்கூடாதுன்னு அய்யா மனசுல யாருங்க போட்டது?"

"அவற்ற குணம் தெரியுந்தானே," என்றேன்.

உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை. அந்த மூன்று தட்டு இன்னும் என் முதுகில்தான் விழுகிறது.

தடைக்கு முதல்நாள், அந்தச் சத்தத்துக்கு மேசைக்கடியில் புகுந்து, பிறகு உங்கள் அறைக்கு வந்து, "அண்ணை, இதை நிப்பாட்டுங்கோ" என்று அழுதவன் நான். நீங்கள் அதைக் கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.